ஏணி பிடிக்கிற அண்ணாச்சி

கடையத்தில் எந்த வீட்டுச் சுவரில் ஏணி சாய்ந்தாலும் முதலில் நாய் குரைக்கும். அடுத்து அண்ணாச்சி வருவார்.

தாம்பூலத் தட்டோடு போய்க் கல்யாணத்துக்கு அழைத்தால் ‘பாப்பம், பாப்பம்’ என்று இழுக்கிற மனிதர், ஏணிக்கு மட்டும் அழைப்பில்லாமல் வந்துவிடுவார். ஏணிக்கால் தரையில் படுகிற அந்த ‘டக்’ சத்தம் தெருக்கோடி டீக்கடை பெஞ்சில் இருக்கும் வேறு எவர் காதிலும் விழாது. அவர் காதில் விழும். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைத் தேய்த்தபடி வருவார்.

“என்ன தம்பி, மேல ஏதோ சோலி போல?”

இது கேள்வி இல்லை. பொறுப்பை ஏற்றுக்கொண்டதற்கான அறிவிப்பு. அடுத்த நிமிஷம் அவருடைய இடது கை ஏணியின் மேல் இருக்கும். வலது கை பேசுவதற்குத் தேவைப்படும் என்பதால் அதை ஏணிக்குக் கொடுப்பதில்லை.

அண்ணாச்சி ஏணியில் ஏறி எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. ஏறுகிறவர்களுக்கு ஏணி பிடிப்பதுதான் அவர் தொண்டு. முப்பது வருஷம் அம்பை – தென்காசி வழித்தடத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியை ஓட்டியதெல்லாம் வேறு ஆள். வண்டி பின்னால் வரும்போது கீழே இறங்கி நின்று, “வரட்டும்… வரட்டும்… இன்னும் வரட்டும்… ஆங், போதும்!” என்று சொன்னது அண்ணாச்சி. அந்த ‘போதும்’ எப்போதும் ஒரு முழம் தாமதமாகத்தான் வரும் என்றும், ஆழ்வார்குறிச்சியிலிருந்து பொட்டல்புதூர் வரை சில காம்பவுண்டுச் சுவர்கள் இன்னும் அதற்குச் சாட்சி சொல்லும் என்றும் அவரோடு வேலை பார்த்த ஒருவர் என்னிடம் சொன்னார்.

ஒருவர் வேலை செய்ய நாலு பேர் நின்று பார்ப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். போர்வெல் போடுகிற இடம், லாரிக்கு டயர் மாற்றுகிற இடம், தென்னையில் ஆள் ஏறியிருக்கிற இடம் என்று எங்கே போனாலும் இந்தக் கூட்டம் உண்டு. இவர்களில் ஏணி பிடிக்கிறவர் மேல்தட்டு. மற்றவர்கள் சும்மா நின்றார்கள் என்று பிறகு சொல்லிவிடலாம். இவரை அப்படிச் சொல்ல முடியாது. கை ஏணியில் இருக்கிறதே! மனசு இருக்கும் இடத்தை யார் போய்ப் பார்த்தார்கள்?

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். முன்பக்கம் தாத்தா கட்டிய ஓட்டு வீடு. பின்பக்கம் அப்பா எழுப்பிய கான்கிரீட் மாடி. ஓட்டுச் சரிவு வந்து மாடிச் சுவரில் முட்டுகிற இடத்தில் ஒரு தகர ஓடை. கூரைத் தண்ணீர் முழுக்க அதில் இறங்கி, ஒரு மூலையில் நாலு அங்குலக் குழாய் வழியாகக் கீழே வர வேண்டும். அந்த மூலை தரையிலிருந்து இருபது அடி உயரம். மாடியிலிருந்து அதை எட்டவும் வழி கிடையாது. அப்பா கட்டும்போது அந்தப் பக்கம் ஒரு ஜன்னல்கூட வைக்கவில்லை. ‘தண்ணி தானா போகப் போவுது, அதைப் போயி எவன் எட்டிப் பாக்கப் போறான்’ என்பது அன்றைய கட்டிடக் கலை.

பக்கத்து வீட்டில் ஒரு வேம்பு. மாசி, பங்குனியில் இலை கொட்டும். சித்திரையில் பூ கொட்டும். அது முடிந்ததும் பழமும் கொட்டையும். எல்லாமே எங்கள் தகர ஓடையில். ஆனி பிறந்து செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வரும்போது, ஓடை முழுக்க இயற்கை உரம் தயாராக இருக்கும். குற்றாலத்துக்கு ஒரு சீசன் வருவதுபோல, எங்கள் வீட்டுப் பட்டாசலுக்கும் ஒரு சீசன் உண்டு. சுவரோரம் மெயினருவி. மூலையில் ஐந்தருவி. அம்மா வரிசையாக வாளி வைப்பாள். ஐந்தருவிக்கு மட்டும் அண்டா.

கடையத்துக்காரனுக்குக் காலையில் பேப்பர் வந்தால் முதலில் பார்ப்பது அணை மட்டம்தான். ராமநதி 84 அடி, கடனாநதி 85 அடி. இரண்டும் நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. எத்தனை அடி ஏறியது, மறுகால் போகுமா, மதகு எப்போது திறப்பார்கள் என்பதில் அண்ணாச்சியை மிஞ்ச இன்ஜினியராலும் முடியாது. நான் ஓடையைச் சுத்தம் செய்யக் கிளம்பிய அன்று காலையும் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

“ராமநதி இன்னா அன்னான்னு நெறைஞ்சிரும்போல தம்பி.”

“எங்க வீட்டு அணை நேத்தே நெறைஞ்சிட்டு அண்ணாச்சி.”

நான் கிண்டலுக்குச் சொன்னாலும் கணக்கு அப்படித்தான். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். பத்து சென்டிமீட்டர் என்றால் ஒன்பது டன்னுக்கு மேல். 2023 டிசம்பர் 17, 18-ல் தென் மாவட்டங்களைப் புரட்டிய மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மழை ஓர் ஆயிரம் சதுர அடி மாடியில் விழுந்தால் 88,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் ஏழு லோடுக்கு மேல்! அதைத் தலைக்கு மேல் நிறுத்திவைக்க நம் வீட்டுச் சுவர் ராமநதி அணைக்கட்டு இல்லை. அணை கட்டுகிறவன் மதகு வைக்காமல் கட்டுவதில்லை. மதகு வாயில் காக்கா கூடு கட்ட விடுவதும் இல்லை. நாம் விடுகிறோம்.

ஆக, மதகைத் திறக்க நான் புறப்பட்டேன். ஆனி மாதம், சாரல் விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்த வேளை. பக்கத்து வீட்டு மூங்கில் ஏணியை வாங்கி வந்து, ஈரச் சிமெண்டுத் தரையில் ஊன்றினேன். டக்.

“நாந்தான் வந்துட்டேனே, அப்புறமென்ன?” என்றார் அண்ணாச்சி. ஏணியை ஒரு சுற்றுப் பார்த்தார். “இம்புட்டுச் சாய்வா எதுக்கு? நிமித்தி வையி. ஏணின்னா ஒரு கெம்பீரம் வேண்டாமா?”

நிமிர்த்தினேன். ஏணி கம்பீரமாக இருந்தது. நான் இல்லை.

“எய்யா, பாத்து ஏறுய்யா” என்றாள் அம்மா.

“நான் பிடிக்கேன்லா மதினி, நீங்க உள்ள போங்க. தம்பி, ஏறு. ரைட்!”

ஏறினேன். மூங்கில் படிகள் ஈரத்தில் வழுக்கின. கடைசிப் படிக்கு இரண்டு படி கீழே நின்று கையை நீட்டினால், குழாய் வாய் இன்னும் ஒரு முழம் தள்ளி இருந்தது. இறங்கி ஏணியை நகர்த்துவதுதான் முறை. ஆனால் ஏறிவிட்ட மனிதனுக்கு இறங்குவது மானப் பிரச்சினை. இடுப்பை வளைத்து எட்டினேன். ஒரு கை சகதியில். இன்னொரு கையில் கொத்துக்கரண்டி. ஏணியைப் பிடிக்கக் கையில்லை. கீழே ஒருவர் பிடித்திருக்கிறார் என்ற நம்பிக்கைதான் எனக்கு மூன்றாவது கை.

அந்த மூன்றாவது கை அப்போது பாரதியாரிடம் போயிருந்தது.

“இந்தா பாரு தம்பி, பாரதியாரு 1918 கடைசில செல்லம்மா ஊருன்னு இங்கன வந்து 1920 வரைக்கும் நம்ம கடையத்துலதான் இருந்தாரு. காணி நிலம் கேட்டாரு, வீடு கேட்டாரு, தென்னை கேட்டாரு. எல்லாத்தையும் பராசக்திகிட்ட கேட்டவரு, இந்த ஓடையில விழுத குப்பைய எவன் அள்ளுவான்னு கேட்டாரா? கேக்கலியே! நித்யகல்யாணி அம்மன் சன்னதியில நின்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா இன்னிக்கு நீ ஏறவே வேண்டாம்.”

நான் பதில் சொல்லவில்லை. வாயில் வேப்பங்கொட்டை.

அப்போதுதான் தெருவில் ஒரு வேன் நின்றது. உள்ளேயிருந்து யாரோ, “அண்ணாச்சி, குத்தாலத்துல குளிக்க விடுதாங்களா?” என்று கேட்டார்கள். முப்பது வருஷக் கண்டக்டரிடம் வழி கேட்பதும், பசித்த யானையிடம் கரும்பை நீட்டுவதும் ஒன்று. “நேத்து சாயங்காலம் வரைக்கும் தடை போட்ருந்தான்…” என்று தொடங்கிய அண்ணாச்சியின் குரல் மெல்லத் தேய்ந்து, என் காலடியிலிருந்து வேன் ஜன்னலுக்குப் போய்விட்டது.

ஏணி ஒரு சாண் வழுக்கியது. ஒரே ஒரு சாண். இருபதடி உயரத்தில் ஒரு சாண் எவ்வளவு நீளம் என்பது வழுக்கினவனுக்குத்தான் தெரியும். ஓட்டுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த சட்டத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். கொத்துக்கரண்டி கீழே விழுந்தது. அம்மா போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்காய்கள் எல்லாம் எழும்பின.

அண்ணாச்சி ஓடிவந்து ஏணியைப் பிடித்தார். முகத்தில் துளிக் குற்றவுணர்வு வேண்டுமே? “நான் இங்கனதான நிக்கேன், எதுக்குப் பதறுத? போதும், எறங்கு” என்றார். அந்த ‘போதும்’ வழக்கம்போல ஒரு முழம் தாமதமாக வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கொத்தனாரை அழைத்து வந்தேன். வந்ததும் அவர் மேலே ஏறவில்லை. வாசலில் நின்று முதலில் வானத்தைப் பார்த்தார். தூறலும் இல்லை, காற்றும் இல்லை. பிறகு தெருக்கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற கரண்ட் ஒயரைப் பார்த்தார். அதிலிருந்து நன்றாகத் தள்ளி ஏணி வைக்கிற இடத்தை மனசுக்குள் குறித்துக்கொண்டார். “இங்கன அலுமினிய ஏணி ஆகாது” என்றார். மூன்றாவதாக மூங்கில் ஏணியின் ஒவ்வொரு படியையும் மிதித்துப் பார்த்தார். நாலாவதாக, டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்து நின்ற அண்ணாச்சியைப் பார்த்தார். நாலில் அபாயம் எது என்று அவருக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது. ஆனால் அனுபவஸ்தர், வாயைத் திறக்கவில்லை.

“நிமித்தி வையும்வே” என்று ஆரம்பித்தார் அண்ணாச்சி.

“நாலுக்கு ஒண்ணு அண்ணாச்சி” என்றார் கொத்தனார். “நாலு அடி உசரத்துக்கு ஒரு அடி கால் தள்ளி நிக்கணும். இது இருபதடி. சுவத்துலருந்து அஞ்சடி தள்ளி. இதுக்கு மேல நிமித்துனா மல்லாக்கச் சாயும். இதைவிடச் சாச்சா கால் வழுக்கும்.”

காலால் அளந்து அஞ்சடி வைத்தார். ஏணிக்கால் இரண்டுக்கும் மண்ணில் குழி பறித்து ஊன்றினார். சிமெண்டுத் தரைப் பக்கமே போகவில்லை. ஓட்டு ஓரத்துக்கு மேல் ஏணி மூன்று அடி நீட்டிக்கொண்டு நின்றது. “மேல போயி ஏணிய விட்டுக் காலெடுக்கும்போதுதான் பாதிப் பேரு விழுதான். பிடிக்கிறதுக்கு ஒரு கைப்பிடி வேணும்லா” என்றார். கூட வந்த கையாளைக் கீழே காலால் அண்டக்கொடுத்து இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லிவிட்டு, கையில் எதையும் எடுக்காமல் ஏறினார். எப்போதும் இரண்டு காலும் ஒரு கையும், இல்லாவிட்டால் இரண்டு கையும் ஒரு காலும் ஏணியில் இருந்தன. உச்சியில் ஏணியைத் தாத்தா காலத்துத் தேக்குச் சட்டத்தோடு கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். சென்னையில் அடுக்குமாடி வேலைக்குப் போன காலத்தில் வாங்கிய பெல்ட்டை மாட்டி, அதன் கயிற்றை மாடித் தூணில் முடிந்தார். ஓட்டின் மேல் நேராகக் கால் வைக்காமல் பலகை போட்டு நடந்தார்.

எல்லாம் முடிந்ததும் கீழே பார்த்துச் சிரித்தார்.

“அண்ணாச்சி, ஏணியக் கட்டியாச்சு. இனிமே நீங்க தாராளமாப் பிடிக்கலாம்.”

அண்ணாச்சி பிடித்தார். கர்வத்தோடு பிடித்தார். தெருவில் போகிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “நான் பிடிக்கலேன்னா இன்னிக்கு இந்த வேலை நடக்காது” என்று சொல்லிக்கொண்டே ஒரு மணி நேரம் பிடித்தார். நடுவே இரண்டு தடவை டீக்கடைக்குப் போய் வந்தார். ஏணிக்கு ஒன்றும் ஆகவில்லை.

மேலிருந்து வாளி வாளியாகக் கயிற்றில் இறங்கியது எங்கள் குடும்ப வரலாறு. வேப்பிலை மக்கி டீத்தூள் மாதிரி ஆறு வாளி. டென்னிஸ் பந்து மூன்று. மூன்றுமே என் பையன் ‘தொலைஞ்சி போச்சு’ என்று சத்தியம் செய்தவை. கட்டுக்கம்பியும் துடைப்பக் குச்சியுமாகக் காக்காய் பின்னிய ஒரு கூடு. அதைக் கண்டு கொத்தனாரே, “கம்பி கட்டுத வேலைக்கு இதைக் கூப்பிடலாம்” என்று மெச்சினார். ஒற்றைச் செருப்பு ஒன்று. வீட்டில் யார் காலுக்கும் அது சேரவில்லை. கடைசியாக ஒரு தேள். கொத்தனார் தடித்த கையுறை போட்டிருந்ததன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. போன வாரம் வெறுங்கையை அதே சகதிக்குள் விட்டு அலசியவன் நான். உடம்பெல்லாம் ஒரு தடவை சிலிர்த்து அடங்கியது.

குழாய் வாயோரம் ஓர் அரசங்கன்று. பறவை போட்ட விதை. ஒரு முழம் உயரம். வேர் மட்டும் சுவருக்குள் எங்கேயோ போயிருந்தது.

“அது தெய்வ மரம்வே, வெட்டப்பிடாது!” என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார் அண்ணாச்சி.

“வெட்டலை அண்ணாச்சி. வேரோட எடுத்து ஜம்பு நதிக் கரையில வச்சிருவோம். சாமி வீட்டுச் சுவத்துக்குள்ள நிக்கிறதைவிட ஆத்தங்கரையில நிக்கட்டும்.”

முடித்து, ஓடையில் இரண்டு குடம் தண்ணீரைக் கவிழ்த்தார். குழாய்க்குள் ஒரு விக்கல். ஓர் இருமல். பிறகு கடகடவென்று ஒரே ஓட்டம். கீழே மழைநீர்த் தொட்டியில் கொட்டுகிற சத்தம் கேட்டது. 2003-ல் மாநிலம் முழுக்க மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றபோது அப்பா முனகிக்கொண்டே கட்டிய தொட்டி அது. சில வருஷமாக அந்தத் தொட்டிக்குச் சாரல் தண்ணீரே போகவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அம்மா அண்டாவைக் கழுவிப் பரணில் ஏற்றினாள். அணை திறந்துவிட்டது என்று தெருவுக்கு அறிவித்தவர் அண்ணாச்சி.

புரட்டாசி கடைசி. ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடையை இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. கொத்தனாரின் போன் நம்பர் என்னிடம் தொலைந்துவிட்டது. அண்ணாச்சியிடம் இருக்கும் என்று அவர் வீட்டுக்குப் போனேன். அதுவரை நான் அந்த வீட்டுக்குள் போனதில்லை. அவரைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போக வேண்டியதே இல்லையே, ஏணி போதுமே!

இரண்டு மாடி வீடு. எங்களுடையதைவிட உயரம். பட்டாசலில் கூரையை அண்ணாந்து பார்த்தேன். ஓதம் இல்லை. சுண்ணாம்பு பெயரவில்லை. ஐந்தருவி இல்லை, சிற்றருவிகூட இல்லை.

“மேல நிக்காரு” என்றாள் ஆச்சி.

வீட்டுக்குள்ளிருந்தே மாடிக்கும், மாடியிலிருந்து தட்டட்டிக்கும் அகலமான சிமெண்டுப் படி. இருபுறமும் கைப்பிடிச் சுவர். மேலே அண்ணாச்சி தென்னந்துடைப்பத்தோடு நின்றார். தட்டட்டி கண்ணாடி மாதிரி இருந்தது. தண்ணீர் இறங்குகிற நாலு மூலையிலும் கம்பிவலைத் தொப்பி கவிழ்த்து வைத்திருந்தார். இலை வலைக்கு வெளியே தங்கும், தண்ணீர் உள்ளே போகும். ஓட்டுச் சாய்ப்பு இருந்த பக்கத்துக்கு மட்டும் நீளமான ஒரு கம்பு. நுனியில் வளைந்த தகரம். கைப்பிடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றபடியே ஓடைக் குப்பையை இழுத்துவிடலாம். வைகாசியில் ஒரு தடவை, புரட்டாசியில் ஒரு தடவை, பெருங்காற்று அடித்தால் மறுநாள் ஒரு தடவை. கணக்காக.

திகைத்து நின்றேன். இத்தனை ஆண்டு ஊரார் ஏணியெல்லாம் பிடித்த மனிதரின் வீட்டில் ஒரு ஏணிகூட இல்லை.

“என்ன அண்ணாச்சி, ஒங்க வீட்டுக்கு ஏணியே போடுறதில்லையா?”

துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இரண்டு கையும் சும்மா இருந்தும் அவர் முதல் முறையாகக் கையை ஆட்டாமல் பேசினார்.

“ஏணி போட்டா கீழ ஒருத்தன் பிடிக்கணும்லா?”

“ஆமா.”

“பிடிக்கிறவன் எப்படிப் பிடிப்பான்னு எனக்குத் தெரியாதா தம்பி?”

நான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். அவர் சிரிக்கவில்லை.

“முப்பது வருசம் காலேஜ் பயலுவகிட்ட தொண்டை கிழியக் கத்திருக்கேன். உள்ள ஏறு, உள்ள ஏறுன்னு. வண்டியிலயும் எழுதிப்போட்டிருந்துச்சு, பாத்திருப்பியே? படியில் பயணம், நொடியில் மரணம். பஸ்ஸுக்கு மட்டுமா எழுதியிருக்கான்?”

கீழே தெருவில் எங்கேயோ ‘டக்’ என்று ஒரு சத்தம்.

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். “இரு தம்பி, மேலத்தெருவுல யாரோ ஏறுதான். பிடிக்க ஆளு வேண்டாமா?” என்று, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து இறங்கினார்.